போர்ட்ஃபோலியோவுக்கு ஐடியா தேட எங்கே போகலாம்: அவ்வார்ட்ஸா, டிரிபிளா, பிஹான்ஸா?

செய்த வேலைகளைக் காட்ட சொந்தமாகப் போர்ட்ஃபோலியோ தளம் போடலாம் என்று உட்கார்ந்தால் டிசைனர்கள் முதலில் செய்வது, பத்து டேப் திறந்து அடுத்தவர் தளங்களை மேய்வதுதான். அதில் தப்பில்லை. ஆனால் எங்கே போய்ப் பார்க்கிறோமோ, அந்த இடத்தின் வாடை நம் தளத்திலும் ஒட்டிக்கொள்ளும். நான் மூன்று முறை என் தளத்தை இடித்துக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் பார்த்தாலே அந்தச் சமயம் நான் எங்கே குடியிருந்தேன் என்று சொல்லிவிடலாம்.

முதல் தளம் அவ்வார்ட்ஸ் காலத்தது. வலைத்தளங்களுக்கு விருது கொடுக்கும் அவ்வார்ட்ஸ் 2009இல் தொடங்கியது. அங்கே நடுவர்கள் மதிப்பெண் போடும் கணக்கு வெளிப்படையானது: வடிவமைப்புக்கு 40 சதவீதம், பயன்பாட்டு எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. விருதுக்கு அது சரி. போர்ட்ஃபோலியோவுக்கு ஏறக்குறைய தலைகீழ். நம்மை வேலைக்கு எடுக்க நினைப்பவர் தேடி வருவது அந்தக் கடைசி 10 சதவீதத்தைத்தான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பக்கம் திறக்கும்வரை 0 முதல் 100 வரை எண்ணும் லோடர் வைத்தேன், மவுஸ் அம்புக்குப் பதில் ஒரு வட்டம் மிதக்க விட்டேன். நண்பர் ஒருவர் போனில் திறந்தார். போனில் ஏது மவுஸ்? வட்டம் ஓர் ஓரத்தில் செத்த ஈ மாதிரி ஒட்டிக்கிடந்தது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். என் லோடர் மட்டுமே 4 நொடி.

இருந்தாலும் அவ்வார்ட்ஸை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். எழுத்தை எவ்வளவு பெரிதாக வைக்கலாம், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நகரலாம் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அப்படி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

டிசைனர்கள் தங்கள் வேலையின் படங்களைப் போடும் டிரிபிளும் 2009இல் வந்ததுதான். ஆரம்பத்தில் ஒரு ‘ஷாட்’ என்பது 400க்கு 300 பிக்சல் ஜன்னல்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு துண்டு காட்டுவது. அளவு பிறகு பெரிதானாலும் அந்தத் துண்டு மனப்பான்மை போகவில்லை. நிறம், ஐகான், பட்டன், எந்த எழுத்துருவோடு எது சேரும் என்பதற்கெல்லாம் அருமை. முழுப் பக்கம் எப்படி நிற்கும் என்பதற்கு உதவாது. ஷாட்டில் மாதிரிக்காகப் போடும் ஆட்களின் பெயர்கள் எல்லாம் ஒரே வரியில் கச்சிதமாக அடங்கும், கவனித்திருக்கிறீர்களா? நிஜத்தில் அப்படி இருக்காது. என் இரண்டாவது தளம் இந்த வகை. முகப்பில் பன்னிரண்டு அழகான சதுரங்கள். கிளிக் செய்தால் அதே படம் கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான். ஒரு நேர்காணலில், “இதில் நீங்கள் செய்தது எது?” என்று கேட்டார்கள். தளத்தில் அதற்குப் பதிலே இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் பழக பிஹான்ஸ் நல்ல இடம். டிசைனர்கள் தங்கள் வேலைகளைப் பதிவிடும் தளம், 2012இல் அடோபி வாங்கியது. ஒரு வேலையை மேலிருந்து கீழாக நீளமாகச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. படங்களை விட்டுவிட்டு தலைப்புகளையும் குறிப்புகளையும் மட்டும் வாசித்துப் பாருங்கள். கதை புரிந்தால் நல்ல கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு வேலை எப்படி நடந்தது என்று சொல்லும் பதிவு. பல இடங்களில் புரியாது: கற்பனைப் பயனர் ஒருவர், சுவரில் மஞ்சள் சீட்டுகள், வயர்ஃபிரேம் எனும் கோட்டு வரைவு, கடைசியில் சாய்ந்து நிற்கும் போன். வேலை மாறினாலும் வரிசை மாறாது. எதைச் செய்து பார்த்துக் கைவிட்டார் என்று ஒரு வரியாவது எழுதியிருப்பவரைத் தேடிப் பிடியுங்கள்.

படங்களைச் சேர்த்து வைக்கும் பின்ட்ரெஸ்ட்டுக்கு அதிக நேரம் தேவையில்லை. அட்டைப்படம், போஸ்டர் மாதிரி வலைக்கு வெளியே உள்ளவற்றைச் சேர்க்க உதவும். வலைத்தளம் என்று தேடினால் ஒரே படத்தின் ஐம்பது சாயல்கள்தான் வரும்.

இப்போது நான் முதலில் போவது நல்ல வலைத்தளங்களைத் தொகுத்து வைக்கும் சைட்இன்ஸ்பையருக்கு. அங்கிருந்து நேராக உயிரோடு இருக்கும் தளத்துக்கே போய்விடலாம். ஜன்னலைச் சுருக்கிப் பார்க்கலாம், போனில் திறக்கலாம், எழுத்துரு என்ன, இடைவெளி எவ்வளவு என்று பிரௌசரிலேயே நோண்டலாம். கூடவே ஒரு பழக்கம்: பிடித்த தளத்தின் முகவரியை, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டு, சில வருடம் முன்பு எப்படி இருந்தது என்று பார்ப்பேன். பழைய படங்கள் பாதி வராது. பரவாயில்லை, அவர் எதையெல்லாம் தூக்கிப் போட்டார் என்பது தெரிந்தால் போதும்.

அப்புறம் திட்டமிடல். கோடு எழுதாமலே தளம் கட்ட உதவும் ஃபிரேமர், வெப்ஃப்ளோ டெம்ப்ளேட்டில் நேரடியாகத் தொடங்கினால் வேகம் கிடைக்கும். ஆனால் டெம்ப்ளேட்டில் ஆறு கட்டம் இருக்கும், உங்களிடம் நான்கு வேலை இருக்கும். மீதியை நிரப்பக் கல்லூரிக் காலத்துப் போஸ்டர் உள்ளே வரும். டிசைன் வரையும் கருவியான ஃபிக்மாவில் தொடங்கினால் போலி வாக்கியங்களை வைத்தே வாரக்கணக்கில் அழகு பார்த்துக்கொண்டிருப்போம். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் சந்தா ஏற்கெனவே இருந்தால், தளம் போடும் கருவியான அடோபி போர்ட்ஃபோலியோ அதோடே வருகிறது. பிஹான்ஸ் வேலைகளை அப்படியே இழுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு அது போதும்.

மூன்றாவது முறை நான் வெறும் எழுத்து ஆவணத்தில் தொடங்கினேன். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு வரி: சிக்கல் என்ன, கூட யார் இருந்தார்கள், நான் செய்தது எது, கடைசியில் வெளியானது எது. அதை முடித்த பிறகுதான் டேப்களைத் திறந்தேன். பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வேலை இருந்தது, படங்கள் பிரமாதம். மூன்றாவது வரியை நேர்மையாக எழுதியபோது ‘இரண்டு ஐகான்’ என்றுதான் வந்தது. எடுத்துவிட்டேன்.