கடனை அடைப்பதா, வழியை அடைப்பதா?

வீட்டில் ஒருவர் ஆன்லைன் ரம்மியில் மாட்டியிருப்பது, கடன்காரர் போன் செய்யும் அன்றுதான் பெரும்பாலும் வெளியே வரும். என் தங்கையின் கணவர் விஷயமும் அப்படித்தான். கூடிப் பேசினோம், ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

அம்மா சொன்னது, கடனை அடைத்துவிட்டுச் சத்தியம் வாங்குவது. எட்டுப் பவுன் போனது. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியமும் ஆனது. நான்கு மாதத்தில் புதுக் கடன். அவர் பொய்ச் சத்தியம் செய்தார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. சூதில் விழுந்தவர் மனதில் ஓடுவது ஒரே கணக்கு: விட்டதைப் பிடிக்க வேண்டும். கடன் தீர்ந்தாலும் அந்தக் கணக்கு தீராது. ஒழுங்காக அடைத்தவர் என்பதால் மறுபடி கடன் கிடைப்பதுதான் சுலபமாகிறது.

தங்கை சொன்னது, பணத்தை அவர் கையில் விடாமல் இருப்பது. என் ஓட்டு இதற்குத்தான். சம்பளக் கணக்கின் கார்டு, பாஸ்வேர்டு எல்லாம் வேறொருவரிடம். கடனை அடைத்தாலும் கொடுத்தவர் கணக்குக்கே நேராகத் தவணை போக வேண்டும். பெட்ரோல், டீ செலவுக்கு 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் இருக்கிறது. நம் கணக்கிலிருந்து அவர் செலவழிக்கலாம். மாத வரம்பு போட்டு விட்டுவிடலாம், அல்லது ஒவ்வொரு தடவையும் நாம் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும்படி வைக்கலாம். இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. நண்பரிடம் கைமாற்று வாங்கலாம், புதுக் கணக்கு தொடங்கலாம். நெருங்கியவர்களிடம் வெட்கத்தை விட்டுச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், மனைவி காவல்காரி ஆவது. இரண்டே வாரத்தில் வீட்டில் பேச்சே நின்றுபோனது. சரி என்று அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன். “மச்சான், பெட்ரோலுக்கு ஐநூறு” என்று என்னிடம் கேட்பது அவருக்கும் சற்று லேசாக இருந்தது.

‘அதான் சட்டமே வந்துவிட்டதே’ என்றார் சித்தப்பா. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது உண்மைதான். ஆனால் திருட்டுத்தனமாக நடக்கும் தளங்களின் லிங்க் வாட்ஸ்அப்பிலேயே வருகிறதே. இதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

கடைசியில்தான் மருத்துவரிடம் போனோம். முதலிலேயே போயிருக்க வேண்டும். “அவருக்கென்ன பைத்தியமா?” என்று அம்மா தடுத்தார். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். குடும்பத்தாரும் அழைக்கலாம். ‘வாழப் பிடிக்கவில்லை’ என்கிற பேச்சு எழுந்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றே அழையுங்கள்.

எந்த நேரத்தில், எந்த மனநிலையில் ஆடத் தோன்றுகிறது என்று பேசிப் பேசிப் பிரித்தெடுப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. அதற்கு மாதங்கள் ஆகும். ஒன்றாம் தேதி வரும் சம்பளம் அதுவரை காத்திருக்காது. அதனால்தான் பணப்பூட்டும் சிகிச்சையும் சேர்ந்தே போக வேண்டும் என்கிறேன்.

பூட்டை எப்போது திறப்பது என்பதை மருத்துவர் முன்னால் மாப்பிள்ளையே பேசுகிறார். போன தடவை, “இன்னும் கொஞ்ச நாள் மச்சானிடமே இருக்கட்டும்” என்றார்.