தோட்டா ரீலோடிங் பக்கத்தொழில்: எந்தக் கட்டத்தில் கையை எடுப்பது?

அமெரிக்காவில் கராஜில் உட்கார்ந்து தோட்டா ரீலோட் செய்யும் (சுட்டு முடிந்த உறையை மறுபடி நிரப்பித் தோட்டாவாக்கும்) பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த யோசனை ஒருநாள் வராமல் போகாது. ரேஞ்சில் (சுடுதளத்தில்) பக்கத்து லேனில் சுடுகிறவர் உங்கள் தோட்டாவை வாங்கிப் பார்ப்பார். "எனக்கும் ஐந்நூறு போட்டுக் கொடுங்களேன், காசு தந்துடறேன்" என்பார். தனக்காகப் போட்டுக்கொள்ள மத்திய அரசின் உரிமம் எதுவும் வேண்டாம். லாபத்துக்குச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டால், 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நீங்கள் தோட்டா உற்பத்தியாளர்.

ஆலைத் தோட்டாவைப் பெட்டி பெட்டியாக வாங்கி விற்பவருக்கு மத்திய உரிமம் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. 1986இல் வந்த சட்டத்திருத்தம் அதை நீக்கிவிட்டது. செய்கிறவருக்கும் இறக்குமதி செய்கிறவருக்கும்தான் உரிமம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்1பி மாதிரியான தற்காலிக விசாவில் இருப்பவர்கள் தோட்டாவை வைத்திருக்கவே பொதுவாகத் தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உள்ளன, ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது. கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் மேலே படிக்கலாம்.

பக்கத்தொழிலாக நான்கு வழிகள் இருக்கின்றன: சுட்ட பித்தளை உறைகளைச் சுத்தம் செய்து தருவது, மொத்தமாகத் தோட்டா போட்டு விற்பது, வாடிக்கையாளர் கொண்டுவரும் உறையில் அவருக்கென்று போட்டுத் தருவது, ரீலோடிங் கற்றுக்கொடுப்பது. உறை, அதன் அடியில் உட்கார்ந்து தீ மூட்டும் பிரைமர், எரியும் பவுடர், முனையில் இருந்து பறக்கும் குண்டு இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஒரு தோட்டா. அவை சேரும் வரிசையில் எந்தக் கட்டத்தில் உங்கள் கை விலகுகிறது என்று பார்த்தால் உரிமம், வரி, காப்பீடு, தூக்கம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

பித்தளை உறை வேலை

இதில் பவுடர் பக்கமே போகவேண்டாம். ரேஞ்சில் பொறுக்கிய உறைகளை வகை பிரித்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, ஸ்டீல் ஊசி போட்ட டம்ளரில் கழுவி, உலர்த்தி, அளவுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறோம். ராணுவ உறைகளில் பிரைமர் குழியைச் சுற்றி அழுத்தி வைத்திருப்பார்கள். அதை விரித்துத் தருவதற்கே காசு கொடுக்க ஆள் உண்டு, ஏனென்றால் ரீலோட் செய்கிறவர்கள் யாருக்கும் அந்த வேலை பிடிக்காது. ரைஃபிள் உறை ஒவ்வொரு முறை அளவுக்கு வரும்போதும் சற்று நீளும், அதை வெட்டிச் சீராக்குவதும் அப்படித்தான்.

முதலீடு குறைவு. வெடித்துவிடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் ஈயத்தை மறக்கக்கூடாது. சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. உலர்ந்த டம்ளரைத் திறந்தால் எழும்பும் தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். ஈர முறைதான் சரி, அந்த அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதை வீட்டுக்குள் வைத்துச் செய்யவே வேண்டாம் என்பேன்.

உரிம விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. சட்டத்தின் வரையறையில் 'தோட்டா' என்பதற்குள் உறை, பிரைமர், குண்டு, பவுடர் தனித்தனியாகவே அடங்கும். அதனால்தான் ஈயக்குண்டு வார்த்து விற்பவருக்கும் உரிமம் வேண்டியிருக்கிறது. பிறருடைய உறையைக் கழுவி அவரிடமே திருப்பித் தருவது உற்பத்தி ஆகாது என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நம்பி இறங்குவதைவிட ஏ.டி.எஃப். (இந்த உரிமங்களைத் தரும் மத்திய அமைப்பு) அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

மொத்தமாகப் போட்டு விற்பது

எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது இதுதான். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாதான் அதிகம் விற்கிறது, தானாகச் சுழன்று ஒரே இழுப்பில் பல கட்டங்களை முடிக்கும் புரோகிரசிவ் பிரஸ் வாங்கினால் மணிக்குச் சில நூறு விழும், பிறகென்ன என்று தோன்றும். நான் வேண்டாம் என்று சொல்லும் வழியும் இதுதான்.

உரிமம் பிரச்சினை இல்லை. தோட்டா உற்பத்தியாளருக்கான 06 வகை உரிமத்துக்கு மூன்று ஆண்டுக்கு 30 டாலர்தான் கட்டணம். 2020 மார்ச்சுக்கு முன் இதே சிறு உற்பத்தியாளர் வெளியுறவுத் துறையிலும் பதிவு செய்து ஆண்டுக்கு 2,250 டாலர் கட்ட வேண்டியிருந்தது. சாதாரணத் தோட்டாக்களை வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியதோடு அந்தச் சுமை போய்விட்டது.

சிக்கல் போட்டியில் இருக்கிறது. நாட்டில் பிரைமர் செய்யும் பெரிய பெயர்கள் ஃபெடரல், சிசிஐ, வின்செஸ்டர், ரெமிங்டன். இவர்களேதான் தோட்டாவும் செய்து விற்கிறார்கள். ஆக உங்களுக்குக் கச்சாப்பொருள் தருகிறவரே உங்கள் போட்டியாளர். 2020, 2021இல் தட்டுப்பாடு வந்தபோது கடை அலமாரியில் பிரைமர் கண்ணிலேயே படவில்லை. ஆலைக்காரர் தன் தோட்டாவுக்கு எடுத்துக்கொண்டது போக மீதிதானே வெளியே வரும்?

அடுத்தது வரி. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தோடு பிணைந்த கலால் வரி தோட்டாவுக்கு 11 சதவீதம். வரி நீங்கலாக 300 டாலருக்குக் கடைக்குக் கொடுத்தால் 33 டாலர் அரசுக்கு. துப்பாக்கி செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஐம்பதுக்குக் குறைவாகச் செய்தால் விலக்கு உண்டு, தோட்டாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு தோட்டாவில் மூன்று சென்ட் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் குழாய் நிரப்புவது, சோதிப்பது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் சேர்த்து மணிக்கு 500 என்றால் கையில் 15 டாலர். காப்பீட்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை.

காசுக் கணக்கை விடுங்கள், இதில் பயமும் கூடுதல். 9 மி.மீ. உறை சின்னது, ஆனால் வேகமாக எரியும் சில பவுடர்களை அதில் தவறுதலாக இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. குண்டு மேலே உட்கார்ந்துவிட்டால் வெளியிலிருந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறைத் தரம் வைத்திருக்கும் அழுத்த வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்), இரட்டைப் பவுடர் அதைத் தாண்டிவிடும். பவுடரே விழாமல் போனால் குண்டு குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். 'புஸ்' என்று போனதைக் கவனிக்காமல் சுடுகிறவர் அடுத்த விசையை இழுத்தால் குழல் பிளக்கும். உங்களுக்காகப் போட்டதில் இது நடந்தால் உங்கள் விரல். முகம் தெரியாதவருக்கு விற்றதில் நடந்தால் உங்கள் வீடு. பல துப்பாக்கிகளின் கையேட்டில் ரீலோட் செய்த தோட்டாவைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று ஏற்கெனவே எழுதியிருக்கும், வக்கீல் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

அவர் உறை, உங்கள் கைவேலை

இங்கேதான் எனக்கு ஆர்வம் வருகிறது. தாத்தா விட்டுப்போன ரைஃபிள் பரணில் கிடக்கும். ஜப்பானிய 7.7 அரிசாகா, .300 சாவேஜ் மாதிரி ஏதாவது ஒன்று. ஆலைகள் இந்த ரகங்களை எப்போதாவது ஒரு தடவை ஓட்டும், கடையில் கிடைக்காது, கிடைத்தால் விலை கண்ணைக் கட்டும். உறையே அரிது. 7.7க்கு .30-06 என்ற வேறொரு ரைஃபிள் ரகத்தின் உறையை எடுத்து வடிவம் மாற்றிக்கொள்ளும் பழக்கமே இருக்கிறது. இப்படிப்பட்டவர் இருபது தோட்டாவுக்குத்தான் கேட்பார், ஆனால் விலை பேசமாட்டார்.

இரண்டாவது வகை தூரக்குறி சுடுகிறவர்கள். 6.5 கிரீட்மோர் என்ற ரைஃபிள் தோட்டா சுடும் ஒருவருக்கு, அவருடைய துப்பாக்கியின் அறைக்கு (தோட்டா உட்காரும் இடத்துக்கு) ஏற்பக் குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பது முதல், பவுடரை ஒவ்வொன்றாக நிறுத்துப் போடுவது வரை எல்லாம் தனிக்கணக்கு. அந்த ரைஃபிளில் சுட்ட உறை அந்த அறையின் வடிவத்தை எடுத்திருக்கும், இன்னொருவர் உறையோடு கலந்தால் போச்சு.

வரிச் சட்டமும் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த அதே உறைகளையே நிரப்பி அவருடைய சொந்த உபயோகத்துக்குத் திருப்பிக் கொடுத்தால் கலால் வரி விழாது. 'அதே' என்பதைக் கவனியுங்கள், 'அதே மாதிரி' போதாது. அதனால் ஆளுக்கொரு பை, பைக்கொரு சீட்டு, ஒரு நேரத்தில் மேசையில் ஒருவருடைய உறை மட்டும். இந்த ஒழுங்கு வரிக்காக வந்தாலும், தவறான பவுடர் தவறான உறையில் விழாமல் காப்பதும் அதுதான். உரிமம் மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், 30 டாலரில் வழக்கை வரவழைக்க வேண்டாம்.

ஆபத்து போய்விடவில்லை. பழைய ரைஃபிளின் நிலைமை உங்களுக்குத் தெரியாது. துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் பார்த்துக் கொடுத்த சீட்டு இல்லாமல் நான் தொடமாட்டேன். அச்சான ரீலோடிங் கையேட்டில் இல்லாத அளவு ஒன்றை வாடிக்கையாளர் கேட்டால், எவ்வளவு பழகியவரானாலும், இல்லை என்று சொல்லிப் பழக வேண்டும். சிநேகிதத்தை வைத்துக்கொண்டு கேட்பவர்களிடம்தான் அது கஷ்டம்.

கற்றுக்கொடுப்பது

சுருக்கமாகச் சொல்லலாம். மாணவர் தன் பொருளைத் தானே போட்டுக்கொள்கிறார், அது அவருடைய சொந்தத் தயாரிப்பு. தேசிய ரைஃபிள் சங்கம் ரீலோடிங் பயிற்றுநர் சான்று தருகிறது, அது கையில் இருந்தால் காப்பீட்டுக்காரரிடம் பேசுவது எளிது. வருமானம் சீராக வராது. வகுப்பு முடிந்தவர்கள் திரும்பிக் கேட்பது பெரும்பாலும் பித்தளை உறைக்குத்தான் என்பது கூடுதல் வசதி.

எந்த வழியானாலும்

சாதாரண வீட்டுக் காப்பீடு கராஜில் நடக்கும் வியாபாரத்தைப் பொதுவாக ஏற்காது. உரிம விண்ணப்பத்தில் உள்ளூர் விதிகளுக்குட்பட்ட இடம் என்று உறுதி சொல்ல வேண்டும், குடியிருப்புச் சங்கம் ஒத்துக்கொள்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள். மாதிரித் தீயணைப்பு விதிகளில் வீட்டில் 20 பவுண்ட் பவுடர், 10,000 பிரைமர் என்று படிப்பீர்கள். அது சொந்த உபயோகக் கணக்கு. தொழில் என்றால் உள்ளூர் தீயணைப்பு அதிகாரி வேறு எண் சொல்வார். கைத்துப்பாக்கித் தோட்டா 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கும், ரைஃபிள் தோட்டா 18க்குக் கீழ் உள்ளவருக்கும் கொடுக்கக்கூடாது. அரசுத் தபாலில் தோட்டா போகாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையில் தோட்டா வாங்குபவருக்குப் பின்னணிச் சோதனை வந்துவிட்டது, மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்.

என் வரிசை இது: முதல் வருடம் பித்தளை உறையும் வகுப்பும். காப்பீட்டுக்காரர் எழுத்தில் ஒத்துக்கொண்ட பிறகு 06 உரிமமும் வாடிக்கையாளர் உறை வேலையும். 9 மி.மீ. கேட்டு வருகிறவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவர் சுட்டு முடித்த உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.