காற்றுக்குச் சாயாத குட்டிக் கஞ்சாச் செடி

கனடாவின் செயின்ட் ஜான்ஸ் மாதிரி ஓயாமல் காற்றடிக்கும் ஊரில் வெளியே கஞ்சா வளர்க்க நினைப்பவர்களுக்கு லோரைடர் வகை ஆட்டோஃபிளவர் (தானாகவே பூக்கும்) விதையைத் தயங்காமல் சொல்வேன். சாதாரண வகைகள் இரவு நீளும்வரை பூக்காமல் காத்திருக்கும், அதற்குள் குளிர் வந்துவிடும். லோரைடர் ரூடராலிஸ் என்ற குட்டையான காட்டுக் கஞ்சா இனத்தின் கலப்பு, பகல் நீளத்தைப் பார்க்காமல் வயதை வைத்தே பூத்துவிடும். ஜூன் நடுவில் விதைத்தால் ஆகஸ்ட் கடைசியில், குளிர் கூடிய வருடமென்றால் செப்டம்பர் தொடக்கத்தில் அறுத்துவிடலாம். முழங்கால் உயரம்தான் என்பதால் வேலி மறைவிலேயே நிற்கும், அட்லாண்டிக் காற்று தலைக்கு மேலே போய்விடும், இதற்காகவே வாங்கலாம்.

ஆனால் இளஞ்செடியை இடம் மாற்றினால் அப்படியே குறுகிப்போகும், அதனால் முதலிலேயே பெரிய தொட்டியில் விதையை ஊன்றுங்கள். மூடுபனி நாட்களில் பூக்குலைக்குள் சாம்பல் பூஞ்சை பிடிக்கும், தினமும் பிரித்துப் பார்க்க வேண்டும். விளைச்சலும் குறைவு. 2018 சட்டப்படி வீட்டுக்கு நான்கு செடிதான், அந்த நான்கிலேயே நிறைய எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பத்தாது. மணம் கொஞ்சம் மண்வாடை, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.