ஒரே நாடா, உள்வட்டமா, தளர்ந்த கூட்டமைப்பா? ஐரோப்பாவின் முன் உள்ள மூன்று வழிகள்

2023 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் கூடிய ஐரோப்பிய ஒன்றிய உச்சி மாநாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. உக்ரைனுடன் உறுப்பினர் சேர்க்கைப் பேச்சுவார்த்தையைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும். 27 நாடுகளில் ஒன்று மறுத்தாலும் நடக்காத காரியம். ஹங்கேரியின் அப்போதைய பிரதமர் விக்டர் ஓர்பான் எதிர்த்துக்கொண்டிருந்தார். ஓட்டெடுப்பு நேரத்தில் அவர் அறையைவிட்டு வெளியே போனார். மற்ற 26 பேரும் "ஒருமனதாக" முடிவெடுத்துவிட்டார்கள். அதே மாநாட்டில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவி என்று வந்தபோது ஓர்பான் நாற்காலியைவிட்டு நகரவில்லை. அந்தப் பணத்துக்கு ஒப்புதல் கிடைக்க 2024 பிப்ரவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுமார் 45 கோடி மக்கள் வாழும் ஓர் ஒன்றியம், ஒருவர் எழுந்து வெளியே போவதை நம்பி முடிவெடுக்கிறது. இப்படியே போக முடியாது என்பதில் அங்கே பலருக்கும் உடன்பாடு உண்டு. எந்தப் பக்கம் போவது என்பதில்தான் சண்டை. பேசப்படும் வழிகளைச் சுருக்கினால் மூன்று தேறும்.

முதல் வழி: கூட்டாட்சி

இது பழைய கனவு. முசோலினியின் அரசு வெண்டோடெனே தீவில் அடைத்து வைத்திருந்த அல்டியெரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்டோ ரோஸ்ஸியும் 1941-ல் எழுதிய அறிக்கை, ஐரோப்பா ஒரே கூட்டாட்சியாக வேண்டும் என்று கேட்டது. 2000 மே மாதம் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் பெர்லினில் ஆற்றிய உரையில் அதையே மறுபடி மேசைமேல் வைத்தார். மக்கள் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றம், அதற்குப் பதில் சொல்லும் அரசாங்கம், சொந்த வரி, பொது ராணுவம். தனி நாடுகளுக்கு வீட்டோ, அதாவது ஒரே நாடு மறுத்து முடிவைத் தடுக்கும் அதிகாரம், இல்லை.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே பணமும் இருக்கும், பொறுப்பும் இருக்கும். இப்போது ஒன்றியத்தின் ஆண்டு பட்ஜெட் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். அமெரிக்க மத்திய அரசின் செலவோ அந்நாட்டுப் பொருளாதாரத்தில் 20 சதவீதத்துக்கும் மேல். அமெரிக்காவில் ஒரு மாநிலம் நொடித்துப்போனாலும் முதியோர் ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் வாஷிங்டனிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஐரோப்பாவில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

கூட்டாட்சி சரிப்படாது என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சில துறைகளில் அது ஏற்கெனவே நடக்கிறது. வெளிநாட்டு வர்த்தகம் அப்படித்தான்: திருப்பூர் பனியனுக்கு ஜெர்மனியில் ஒரு சுங்க வரி, இத்தாலியில் வேறு வரி என்று கிடையாது. இந்தியாவுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரியில் டெல்லியில் அறிவித்தபோது, 27 நாடுகளுக்காகவும் பேசியது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மட்டுமே. நாடு நாடாகப் பேசியிருந்தால் இந்தியா அவர்களைத் தனித்தனியாக வளைத்திருக்கும்.

சரி, அப்படியானால் ஏன் முழுக் கூட்டாட்சி வரவில்லை? ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தைத் திருத்த 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பதே பூட்டு. 1954-லேயே பொது ராணுவத் திட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் கவிழ்த்துவிட்டது. 2005-ல் ஐரோப்பிய அரசியல் சட்ட வரைவைப் பிரான்ஸில் சுமார் 55 சதவீதமும் நெதர்லாந்தில் சுமார் 61 சதவீதமும் நிராகரித்தார்கள். இத்தனைக்கும் அது முழுக் கூட்டாட்சிகூட இல்லை, பெரும்பாலும் இருந்த விதிகளின் தொகுப்பு. போதாததற்கு, ஜெர்மனி ஒரு ஐரோப்பியக் கூட்டாட்சி அரசில் கரைய வேண்டுமானால் இப்போதைய அரசியல் சட்டத்தின் கீழ் முடியாது, மக்களிடமே கேட்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது. வீட்டோவை ஒழிக்கவும் வீட்டோ வைத்திருப்பவர் ஒப்ப வேண்டும். இந்த வழியில் எனக்கு மதிப்பு உண்டு, நம்பிக்கை இல்லை.

இரண்டாவது வழி: உள்வட்டம்

முடிந்தவர்கள் முன்னே போகட்டும், மற்றவர்கள் விரும்பும்போது வரட்டும். 1994-ல் ஜெர்மன் அரசியல்வாதிகள் வொல்ஃப்காங் ஷொய்ப்லெவும் கார்ல் லாமர்ஸும் இதை எழுத்தில் வைத்தபோது பெரிய சர்ச்சையானது. ஆனால் காரியம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1985 ஜூனில் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு படகில் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை நீக்கக் கையெழுத்திட்டன. அப்போதைய ஐரோப்பியச் சமூகத்தில் பத்து நாடுகள், பாதிப்பேர்தான் வந்தார்கள். இன்று ஷெங்கனில் 29 நாடுகள், அதில் நார்வே, சுவிட்சர்லாந்து போல ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நான்கும் அடக்கம். யூரோவும் 1999-ல் 11 நாடுகளோடு தொடங்கி, 2026-ல் பல்கேரியாவோடு 21 ஆகியிருக்கிறது.

முன்னே போனவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதுதான் வழக்கமான பயம். டென்மார்க்கைப் பாருங்கள். 1992-ல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை அங்கே 50.7 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். யூரோ, பாதுகாப்பு உள்ளிட்ட சிலவற்றில் விலக்கு கொடுத்து அவர்களை உள்ளே வைத்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் யாரும் வற்புறுத்தவில்லை. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 2022 ஜூனில், மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் பாதுகாப்பு விலக்கைத் தாங்களாகவே கைவிட்டார்கள். யூரோ விலக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரே பாய்ச்சலில் கூட்டாட்சி என்று நின்றிருந்தால் டென்மார்க் 1992-லேயே வெளியே போயிருக்கக்கூடும்.

ஆனால் இந்த வழியின் பெரிய காயமும் இங்கேதான். யூரோ என்பது பாதியில் நிறுத்திய வேலை. நாணயத்தை ஒன்றாக்கினார்கள், பட்ஜெட்டை ஒன்றாக்கவில்லை. கிரேக்கத்தின் கடன் கணக்கு 2009 இறுதியில் வெளுத்தபோது, சொந்த நாணயம் இருந்திருந்தால் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியை ஓரளவு தூக்கியிருக்கலாம், அது முடியாது. கூட்டாட்சி நிதி வந்து தாங்கியிருக்கலாம், அதுவும் இல்லை. 2010-ல் 11,000 கோடி யூரோ மீட்புக் கடன் வந்தது, கூடவே கடும் சிக்கனம். 2013-ல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. நாட்டின் கணக்கில் பொய் இருந்தது உண்மை. அந்தப் பொய்க்கு வேலையிழந்தவர்கள் கட்டிய விலை அதைவிடப் பல மடங்கு.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஜனநாயகக் கணக்கு. 2015 ஜூலை 5 அன்று கிரேக்கர்கள் 61 சதவீதம் பேர் கடன் நிபந்தனைகளை வேண்டாம் என்றார்கள். ஒரு வாரத்தில் அவர்களுடைய அரசே கிட்டத்தட்ட அதே நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. முடிவை எடுத்த யூரோ குழுமம், யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் முறைசாரா அவை. நெருக்கடியில் சிக்கும் யூரோ நாடுகளுக்குக் கடன் தரும் ஐரோப்பிய நிலைப்படுத்தல் நிதியமோ ஒன்றிய ஒப்பந்தத்துக்கு வெளியே, அரசுகளுக்கிடையே உருவானது. ஜெர்மன் நாடாளுமன்றம் அந்தக் கடன்மேல் ஓட்டுப் போட்டது. கிரேக்க வாக்காளருக்கு அந்த நாடாளுமன்றத்தில் ஓட்டில்லை. அதற்கு முன் 2012-ல் யூரோவைக் காப்பாற்றியதும் தேர்ந்தெடுக்கப்பட்ட யாரும் அல்ல. எதைச் செய்யவேண்டுமோ அதைச் செய்வோம் என்று ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ டிராகி சொன்ன ஒரு வாக்கியம்.

உள்வட்ட ஆதரவாளர்கள் விழுங்க வேண்டிய இன்னொரு கசப்பு, கொரோனா காலத்து 75,000 கோடி யூரோ மீட்புத் திட்டம். கூட்டாகக் கடன் வாங்கி, அதில் பாதிக்கு மேல் மானியமாகக் கொடுத்த அந்தப் பெரிய பாய்ச்சலை எடுத்தது உள்வட்டம் அல்ல, 27 நாடுகளும் சேர்ந்துதான். நெருக்கடி முற்றினால் எல்லோரும் சேர்வார்கள் என்று அதைப் படிக்கலாம். எனக்கோ, நெருக்கடியை எதிர்பார்த்துக்கொண்டு ஒரு கண்டத்தை நடத்த முடியாது என்று படுகிறது. 2025 டிசம்பரில் உக்ரைனுக்கு 9,000 கோடி யூரோ கடன் என்று முடிவானபோது ஹங்கேரியும் ஸ்லோவாகியாவும் செக் குடியரசும் அந்தக் கடனுக்கான பொறுப்பிலிருந்து விலக்கு பெற்றன. பழையபடி உள்வட்டம்.

மூன்றாவது வழி: தளர்ந்த கூட்டமைப்பு

இதற்கு அதிக இடம் தேவையில்லை. 2022 அக்டோபரில் பிராகில் 44 நாடுகளோடு தொடங்கிய ஐரோப்பிய அரசியல் சமூகம் இதன் இப்போதைய வடிவம். பட்ஜெட் இல்லை, செயலகம் இல்லை, கட்டுப்படுத்தும் முடிவும் இல்லை. பிரிட்டனும் துருக்கியும் ஒரே மேசையில் உட்கார்வது நல்லது. ஆர்மீனிய, அசர்பைஜான் தலைவர்கள் முதல் கூட்டத்திலேயே சந்தித்தார்கள். ஆனால் அசர்பைஜானும் உட்காரும் அவையை ஜனநாயகங்களின் ஒன்றியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சந்தை மட்டும் போதும், அரசியல் வேண்டாம் என்பவர்களுக்கு நார்வே உதாரணம். 1972-லும் 1994-லும் உறுப்பினராக மறுத்த நாடு. ஒற்றைச் சந்தையின் விதிகளைப் பின்பற்றுகிறது, பணமும் கட்டுகிறது. அந்த விதிகளை எழுதும் அவையில் ஓட்டு மட்டும் இல்லை. எண்ணெய் வளமுள்ள நாட்டுக்கு அது கட்டுப்படியாகலாம்.

என் தேர்வு

இரண்டாவதுதான், ஆனால் இப்போதுள்ள மாதிரி அல்ல. யூரோ நாடுகள் தங்களுக்கென ஒரு பட்ஜெட்டும், அதன்மேல் ஓட்டுப் போட யூரோ நாட்டுப் பிரதிநிதிகள் மட்டும் உட்காரும் ஓர் அவையும் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கிரேக்கத்திலும் வாக்காளர் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்பார். வெளியே இருப்பவர்களுக்குக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

இந்த வழி தீர்க்காத ஒன்று புதிய உறுப்பினர் சேர்க்கை. வட மாசிடோனியா 2005-லிருந்து வேட்பாளர் நாடு. மாசிடோனியா என்ற பெயரை ஏற்காமல் கிரேக்கம் தடுத்ததால் 2019-ல் தன் பெயரையே மாற்றியது. அதே ஆண்டு பிரான்ஸ் தடுத்தது. மறு ஆண்டு மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி பல்கேரியா தடுத்தது. உள்வட்டம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்த வரிசை நகராது. சேர்க்கைக்கு இடையில் வரும் ஒவ்வொரு படிக்கும் 27 சம்மதம் கேட்பதை நிறுத்திவிட்டு, அங்கே பெரும்பான்மை ஓட்டைக் கொண்டுவரலாம். இறுதியில் உள்ளே சேர்ப்பதற்கு மட்டும் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கட்டும்.