பழைய எப்சி ஜீப்புக்குப் பெட்ரோல் இன்ஜினா, டீசலா?

மஹிந்திரா எப்சி-150 (பார்வர்ட் கண்ட்ரோல்) பிக்கப், 1969 மாடல், முன்னால் பானெட் நீட்டாத, மூக்கில்லாத வண்டி. பெரியப்பா தோட்டத்தில் பதினாறு வருஷம் கிடந்ததை வீட்டுக்கு இழுத்து வந்த அன்றே பார்த்தவரெல்லாம் சொன்னது ஒன்றுதான்: அந்தப் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போடு, டீசல் வை. நான் போடவில்லை. அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

டீசலின் நல்லது எல்லாருக்கும் தெரியும். மைலேஜ், இழுவை. மஹிந்திராவின் எம்எம்540 ஜீப்பில் வந்த 2112 சிசி பிஜோ டீசலைத் தெரியாத மெக்கானிக் இல்லை. தினமும் மூட்டை ஏற்றப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் அதற்கே போங்கள்.

ஆனால் இந்த வண்டியில் இன்ஜின் இருப்பது இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகரமூடிக்கு அடியில். டீசல் வைத்த நண்பர் வண்டியில் ஒருமுறை போனேன், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 81 அங்குலம்தான், முன்பக்கம் ஏற்கெனவே கனம், அதில் இன்னும் கனத்தை ஏற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைத் தடுத்தது ஆர்சி புத்தகம். அதில் எரிபொருள் பெட்ரோல், இன்ஜின் எண்ணும் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓவில் ஒப்புதல் வாங்கிப் பதிய வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதி: ஐம்பது வயது தாண்டிய சொந்த உபயோக வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். டீசல் வைத்துவிட்டால் அந்தக் கதவு மூடியமாதிரிதான், நாளைக்கு விற்கும்போதும் சேகரிப்பவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது இன்ஜினைத்தான். ஒரு குறை: விண்டேஜ் பதிவு வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்புக்குத்தான்.

வண்டியோடு வந்த பழைய 2199 சிசி ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை எழுப்புவது பயந்த அளவு கஷ்டமில்லை. லேத்தில் போரிங், 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங். இதில் இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். வால்வு இடைவெளி இன்லெட்டுக்கு 18 தௌ, எக்ஸாஸ்டுக்கு 16, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. எக்ஸாஸ்டுக்குப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுத்து, அந்த இடைவெளியை அளக்கும் பீலர் கேஜை நுழைக்கும்போது கழுத்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பாடி வேலையில் நானே ஏமாந்தேன். கேபின் தரையில் துருவைச் சுரண்டிவிட்டுப் பட்டி பூசினேன், மூன்றே மாதத்தில் விரிசல் விட்டு அடியில் புதுத் துரு. அப்புறம் வெட்டியெடுத்து 18 கேஜ் தகடு வைத்துப் பற்றவைத்து ரெட் ஆக்சைடு அடித்தேன்.

இதுவரை ஓடியது 900 கிலோமீட்டர். மலையேற்றத்தில் சூடு எப்படி என்பதை ஏற்காட்டுக்கு ஒருமுறை போய்வந்த பிறகுதான் எழுத முடியும்.