ஸ்டியரர் குழாயை அளக்காமல் வெட்டிக் கொடுத்த கடை: சைக்கிள் வைத்திருப்போர் கவனத்திற்கு

சென்ற மாதம் என் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை மாற்றுவதற்காகத் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு கடையில் விட்டிருந்தேன். புது ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாய், அதாவது ஃபோர்க்கிலிருந்து மேலே ஹேண்டில்பார் பக்கம் போகும் குழாய், நீளமாகவே வரும் என்பதால், அவரவர் வண்டிக்கு ஏற்றபடி அதை வெட்டியாக வேண்டும். "கண்ணளவுலயே வெட்டிருவேன் அண்ணாச்சி, கவலப்படாதிய" என்றார் கடைக்காரர். ஃபோர்க்குக்கு 4,800 ரூபாயும் கூலியாக 300 ரூபாயும் கொடுத்துவிட்டு நம்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குப் புறப்பட்டேன். சேரன்மாதேவியை நெருங்கும்போதே ஹேண்டில்பார் நறநறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. வண்டியை நிழலில் நிறுத்தி, ஹேண்டில்பாரை ஸ்டியரர் குழாயோடு இணைக்கும் ஸ்டெம்மின் மேல்மூடியை ஆலன் சாவியால் கழற்றியபோது நெஞ்சு திக்கென்றது. ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே முடிந்திருக்க வேண்டிய குழாய், 16 மி.மீ. கீழே கிடந்தது, இரண்டு போல்ட்டுகளில் மேலே உள்ளது இறுக்கிப் பிடிக்க அங்கே குழாயே இல்லை. வெட்டிய வாய் அரம் படாமல் பிசிறுபிசிறாகவும் கோணலாகவும் இருந்தது, மேல்மூடியின் திருகு பிடிப்பதற்காகக் குழாய்க்குள்ளே அடித்திருந்த ஸ்டார் நட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாபநாசத்துக்கு மேலே மலைச்சாலையில் இறங்கும்போது ஹேண்டில்பார் தனியாகத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே கை நடுங்குகிறது.

தவறு யாருக்கும் நேரலாம். ஆனால் உயரத்துக்காக ஸ்டெம்முக்குக் கீழே போட்டிருந்த ஸ்பேசர் வளையங்கள் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லாமல் எடுத்துவிட்டு, அப்படியும் எட்டாத குழாயை மூடி போட்டு மறைத்திருந்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேறொரு ஃபோர்க் வாங்கி நானே வீட்டில் வெட்டினேன். வெட்டாத குழாயிலேயே பேரிங், ஸ்பேசர், ஸ்டெம் அனைத்தையும் மாட்டி, ஸ்டெம்மின் மேல் விளிம்பையொட்டிக் கோடு போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி, அந்தக் கோட்டுக்கு 3 மி.மீ. கீழே இரண்டு ஹோஸ் கிளிப்புகளை இறுக்கி, அவற்றின் இடைவெளியில் ஹாக்ஸா பிளேடை ஓட்டினால் வெட்டு நேராக விழும். பிறகு உள்ளும் புறமும் அரம் போட வேண்டும். ஹேண்டில்பார் எந்த உயரத்தில் வேண்டும் என்று பிடிபடாதவர்கள் ஒரு ஸ்பேசர் அளவு கூடுதலாக விட்டு வெட்டி, அந்த வளையத்தை ஸ்டெம்முக்கு மேலே போட்டுக்கொள்ளலாம். இது அலுமினியக் குழாய்க்கான முறை; கார்பன் குழாயில் ஸ்டார் நட்டை அடிக்கவே கூடாது.

கடையில்தான் வெட்டக் கொடுப்பீர்கள் என்றால், உங்கள் கண்ணெதிரே கோடு போடச் சொல்லுங்கள், வாங்கும்போது மேல்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

தவறாக வெட்டிய ஃபோர்க்கை 500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போட்டுவிடுவதாக அந்தக் கடைக்காரர் சொன்னார். நான் கொடுக்கவில்லை.