ரீஜெனரேட்டரா, சர்வோவும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருமா: ஒலியமைப்புக்கு ஏற்ற மின்சாரம்

ரீஜெனரேட்டர் என்பது வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்கி, அதிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் புதிதாக உருவாக்கித் தரும் கருவி. அதற்கு மாற்று, சிறு மோட்டாரின் உதவியால் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் சர்வோ ஸ்டெபிலைசரும், அதற்குப் பின்னால், உள்ளே வரும் காயிலையும் வெளியே தரும் காயிலையும் நேரடித் தொடர்பின்றிப் பிரித்து வைக்கும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும். சென்னையில் என் வீட்டுக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன்; இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

மின்னழுத்தத்தை நிலைப்படுத்துவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களில் இறுதிக் கட்டத்துக்கான மின்வழங்கி மின்னழுத்தத்தைத் தானே நிலைப்படுத்தாதது என்பதால், 230 வோல்ட் 207 ஆக இறங்கும்போது ஆம்ப்ளிஃபையரின் உச்சத் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். மிதமான ஒலியளவில் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. அலையின் வடிவத்தில் ரீஜெனரேட்டருக்கே வெற்றி. கணினிகளும் எல்.இ.டி. விளக்குகளும் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை உறிஞ்சுவதால் தட்டையாகிப்போகும் உச்சியை அது நிமிர்த்திவிடும், டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே கடத்தும். ஆயினும் நன்கு வடிவமைத்த ஆம்ப்ளிஃபையரின் மின்வழங்கி இக்குறையைப் பெரும்பாலும் தானே விழுங்கிவிடுகிறது. நண்பர் வீட்டில் ரீஜெனரேட்டருடன் கேட்ட ஒரு மாலையில் எனக்கு வேறுபாடு எதுவும் பிடிபடவில்லை; அவருடைய ஸ்பீக்கர்களும் அறையும் வேறு என்பதால் இதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

காதுக்கு எட்டும் தொல்லைகள் வேறு. மின்சாரத்தில் சிறிதளவு நேர்திசைக் கூறு கலந்தாலே ஆம்ப்ளிஃபையரின் டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும். அக்கூறு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டாது, ரீஜெனரேட்டரையும் தாண்டாது. கேபிள் டி.வி. இணைப்பு வழியாக உருவாகும் எர்த் லூப் (ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் பாதைகள் சேர்ந்த வளையம்) தரும் இரைச்சலையோ, எர்த் தொடர்ச்சியாக இருக்கும்வரை, இரண்டுமே தீர்க்கமாட்டா.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ரீஜெனரேட்டர் உண்மையில் எந்நேரமும் உழைக்கும் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையர். 1990களின் இறுதியில் பி.எஸ். ஆடியோ நிறுவனம் கொண்டுவந்த பி300 ரீஜெனரேட்டர், இழுத்த மின்சாரத்தில் கணிசமான பகுதியை வெப்பமாகவே கழித்தது. பின்னால் வந்தவை எவ்வளவோ மேல் என்றாலும், 85 விழுக்காடு செயல்திறனில் 300 வாட் வழங்கும் கருவி 50 வாட்டுக்கு மேல் அறைக்குள் வெப்பமாக விடும். சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் அந்தச் சூட்டிலேயே கிடக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் சுருங்கத்தான் செய்யும். பழுதானால் முப்பது, நாற்பது கிலோ பெட்டியை இறக்குமதியாளரிடம் அனுப்பிவிட்டு, உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த அச்சத்தாலேயே பழைய ரீஜெனரேட்டரை வாங்க வருபவர் விலையை அடித்துக் கேட்கிறார். சர்வோவில் தேயக்கூடியது முக்கியமாக கார்பன் பிரஷ். உள்ளூர் மெக்கானிக் அதை மாற்றி, காயில்மீது படிந்த தூசியைத் துடைத்துவிடுவார். டிரான்ஸ்ஃபார்மரே எரிந்தாலும் காயில் கட்டும் பட்டறையில் புதிதாகக் கட்டிவிடலாம். மின்சாரத்தை எந்நேரமும் நேர்திசையாக்கி மீண்டும் மாற்றித் தரும் ஆன்லைன் யு.பி.எஸ். மலிவான ரீஜெனரேட்டர்போல வேலை செய்யும் என்பது சரியே; மின்விசிறிச் சத்தமும் சில ஆண்டுகளுக்கொருமுறை பேட்டரிச் செலவும் கூடவே வரும்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவோர் தேவையைப்போல் இரண்டு மடங்கு கொள்ளளவில், காயில்களுக்கிடையே செம்புத் திரை வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும். சர்வோ, டிரான்ஸ்ஃபார்மர் இரண்டுமே முனகும் என்பதால் அறைக்கு வெளியே வைப்பது நல்லது. வெளியீட்டின் ஒரு முனையை எர்த்துடன் பிணைத்து, அதன் பிறகு, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஓர் ஆர்.சி.சி.பி. பொருத்துவது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஏற்படும் கசிவை எப்படியும் உணராது; பிணைக்காமல் விட்டால், பின்னால் பொருத்தியதும் அதை உணராமல் போகலாம்.